பட்டத்து யானையும் பழைய கான்டெஸாவும்

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் பெருமையை அறியாத தமிழர் இலர். கொழுகொம்பின்றித் தளர்ந்த கொடியைக் கண்டு, தான் ஊர்ந்து வந்த தேரை அவ்விடத்தே நிறுத்திவிட்டு நடந்து சென்றான் அவ்வள்ளல் என்பர். நாகபுரியில் நம் காலனியின் வேப்ப மரத்தடியிலும் ஓர் ஊர்தி நிற்கின்றது. ஒரு மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பீர்க்கங்கொடி அதன் பின்கண்ணாடி வரை ஏறிப் படர்ந்துவிட்டது. அதனைக் கண்ட அன்பர் ஒருவர், "பாரிக்குப் பின் நீங்கள்தாம்!" என்று கூறி நகைத்தார். "பாரியின் தேர் அங்கேயே நின்றுவிட்டது, நம் தேர் இன்னும் ஓடுகின்றது" என்று நாமும் நகைத்தவாறே விடை கூறினோம். மறுநாட் காலை கொடியைப் பந்தலுக்கு மாற்றிவிட்டு, வண்டியைக் காம்டி வரை ஓட்டிச் சென்று திரும்பினோம்.

அவ்வூர்தி ஒரு ஹிந்துஸ்தான் கான்டெஸா. சங்கத்து அன்பர் பலர் அதில் அமர்ந்திருக்கின்றனர். ஆண்டு விழாவிற்கு எழுந்தருளும் சிறப்பு விருந்தினரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வரும் பணி நெடுங்காலமாக அதற்கே உரியதாயிருந்தது. மணக்கோலத்தில் அதில் ஏறிச் சென்ற காலனிப் பெண்கள் சிலர், இன்று தம் மக்களுக்கு அதனைச் சுட்டிக் காட்டுகின்றனர். ஆயினும், "இப்பழைய வண்டியை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?" என்னும் வினா ஆண்டுதோறும் நம்மை நோக்கி எழாமலில்லை. அதன் வரலாற்றைச் சொன்னாலன்றி அவ்வினாவிற்கு விடை கூறுதல் இயலாது. அவ்வரலாறு ஒரு வண்டியின் வரலாறு மட்டுமன்று. இந்நாடு தன் கையால் ஒரு பெருமித ஊர்தியைச் செய்து பார்த்த காலத்தின் வரலாறுமாகும்.

பட்டத்து யானை

மன்னர் கொட்டிலில் யானைகள் பல இருந்தாலும் பட்டத்து யானை ஒன்றே. அதுபோல், மோட்டார் வண்டி செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் தன் வண்டிகள் அனைத்திற்கும் தலையாய ஒன்றைச் செய்து வைப்பது வழக்கம். அதில் நீளமும் அகலமும் மிகுதி, இருக்கை மெத்தென்றிருக்கும், விலையும் அதற்கேற்ப உயர்ந்து நிற்கும். அதனை வாங்குவோர் சிலரே. விரும்பிப் பார்ப்போர் பலர்.

விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய வண்டிக்கு நெடுநாள் இடமில்லை. அரசர்களின் ரோல்ஸ் ராய்ஸ்கள் அரண்மனைக் கொட்டகைகளில் அடைந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடும் வரியும் வெளிநாட்டு வண்டிகளை எட்டாக் கனியாக்கின. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்று வந்தது. உறுப்புகளை இந்நாட்டிலேயே செய்ய முற்படாத நிறுவனங்களுக்கு இங்கு இடமில்லை என்னும் கொள்கையை அரசு மேற்கொள்ளவே, 1954 இல் அது தன் தொழிலகத்தை மூடிச் சென்றது. அதன் பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அம்பாஸடர், பியட், ஸ்டாண்டர்டு என்னும் மூன்று பெயர்களுக்குள்ளேயே நம் மக்களின் மோட்டார் ஆசை அடங்கிக் கிடந்தது. அமைச்சரும் அம்பாஸடரில் சென்றார். வாடகைக்கு வண்டி அமர்த்தியவரும் அம்பாஸடரில் சென்றார். அதனைச் சமத்துவம் என்பார் சிலர். வேறு வழியின்மை என்பார் சிலர். இரண்டிலும் உண்மை உண்டு.

லூட்டனிலிருந்து உத்தரபாராவுக்கு

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1942 இல் பி. எம். பிர்லா அவர்களால் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கப்பெற்றது. 1948 இல் வங்காளத்தின் உத்தரபாராவுக்குப் பெயர்ந்தது. ஹௌராவிலிருந்து பண்டேல் செல்லும் ரயிலில் உத்தரபாராவை அடுத்து வரும் நிலையத்திற்கு 'ஹிந்த் மோட்டார்' என்றே பெயர். ஒரு தொழிலகத்தின் பெயர் ஓர் ஊருக்கே பெயராகி நிற்பதனை அந்நிலையத்தின் பெயர்ப் பலகை இன்றும் காட்டும்.

அம்பாஸடரை ஒத்த பழைய வடிவங்களையே எத்துணைக் காலம் செய்வது என்னும் கேள்வி எழுந்தபொழுது, அந்நிறுவனத்தார் இங்கிலாந்தை நோக்கினர். அங்கு லூட்டன் நகரில் வாக்ஸால் என்னும் பழைய நிறுவனம் இருந்தது. 1903 இல் தன் முதல் மோட்டார் வண்டியைச் செய்த அந்நிறுவனத்தை 1925 இல் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. வாக்ஸால் 1972 இல் 'விக்டர்' என்னும் வரிசையில் ஒரு பெரிய வண்டியை வெளியிட்டது. 1976 இல் அதற்கு 'வி.எக்ஸ்.' எனப் பெயர் மாற்றிற்று. 1978 இல் அதனை நிறுத்திவிட்டது. இங்கிலாந்தில் வாழ்நாள் முடிந்த அவ்வடிவத்தின் அச்சுகளையும் கருவிகளையும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பெற்று, உத்தரபாராவில் மறுபிறப்பு அளித்தது. 1984 இல் அது சந்தைக்கு வந்தது. அதற்கு இட்ட பெயர் கான்டெஸா. இத்தாலிய மொழியில் பிரபுக் குலத்துப் பெருமாட்டியைக் குறிக்கும் சொல் அது. முன்வாயிலால் வெளியேறிய ஜெனரல் மோட்டார்ஸின் வழித்தோன்றல், முப்பது ஆண்டுகட்குப் பின் பக்கத்து வாயிலால் உள்ளே வந்தது போலும்!

அக்காலம் போட்டியற்ற காலமன்று. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, சிறு வண்டியின் இலக்கணத்தையே மாற்றிவிட்டது. பெரிய வண்டிகளிலும் இருவர் எதிர்நின்றனர். பம்பாயின் பிரிமியர் நிறுவனம் பழைய பியட் 124 வடிவில் நிஸான் இயந்திரத்தைப் பொருத்தி '118 என்.இ.' என வெளியிட்டது. நம் சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனமோ, இங்கிலாந்தின் ரோவர் வண்டியின் எழிலுடலில் தன் பழைய வான்கார்டு இயந்திரத்தை வைத்து, 'ஸ்டாண்டர்டு 2000' என 1985 இல் விற்கத் தொடங்கியது. உடல் இளமையும் உள்ளம் முதுமையுமாய் இருந்த அவ்வண்டி சில ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கவில்லை.

இயந்திரம் மாறிய கதை

அதே குறை முதலில் கான்டெஸாவுக்கும் இருந்தது. அப்பெரிய உடலை இழுக்க அம்பாஸடரின் 1,489 கன செ.மீ. இயந்திரத்தையே வைத்தனர். அதன் ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பட்டத்து யானைக்குக் கழுதையின் கால்களைப் பொருத்தினால் என்னாகும்? அம்பாரி அசையும், ஊர்வலம் நகராது.

சில ஆண்டுகளில் நிறுவனத்தார் குறையை உணர்ந்து, ஜப்பானின் இஸூஸு நிறுவனத்தின் துணையை நாடினர். 1,817 கன செ.மீ. கொள்ளளவும் ஏறத்தாழ 88 குதிரைத்திறனும் ஐந்து கியர்களும் கொண்ட புதிய இயந்திரத் தொகுதி வந்தது. மத்தியப் பிரதேசத்தில், இந்தூரை அடுத்த பீதம்பூரில் இவ்வியந்திரங்களைச் செய்ய ஒரு தொழிலகமும் எழுந்தது. 'கான்டெஸா கிளாஸிக்' என்னும் பெயரில் வந்த இவ்வண்டிதான் மக்கள் மனத்தில் நின்ற கான்டெஸா. டீசல் இயந்திரங்கள் பின்னர் வந்தன. இஸூஸுவிலும் ஜெனரல் மோட்டார்ஸுக்கு 1971 முதல் 2006 வரை பங்கு இருந்தது என்பதை எண்ணும்போது, உடலும் இயந்திரமும் தூரத்து உறவினர் என்று கூறுதல் தகும்.

ஆங்கில நாட்டு வடிவம், ஜப்பானிய இயந்திரம், வங்கத் தொழிலாளர் கைத்திறன். ஓரிடத்தில் பிறந்து, மற்றோரிடத்தில் வலிமை பெற்று, வேறோரிடத்தில் உழைத்து வாழும் பிறவி அது. வைகைக் கரையில் பிறந்து நாக நதிக் கரையில் வேரூன்றிய நமக்கு அதன்பால் ஒரு பரிவு தோன்றியதில் வியப்பென்ன?

ஓட்டும் இன்பம்

நாம் இவ்வண்டியை வாங்கியது 1998 இல். 1991 இல் பதிவு பெற்று, ஓர் அலுவலகத்தின் உயர் அதிகாரியைச் சுமந்து வந்த வண்டி அது. புதிய வண்டிகள் பெருகிய காலமாதலின், பட்டத்து யானை அப்பொழுது ஆட்டின் விலைக்கே வந்தது. பழைய பெருவண்டியை உடைமையாக்குவதன் முதல் இன்பம் இதுவே எனலாம்: ஒரு காலத்தில் நாம் ஏறிட்டு மட்டும் பார்த்த பொருள், தன் செருக்கெல்லாம் அடங்கிய பின் நம் வாயிலுக்கு வந்து சேர்கின்றது.

இரண்டாம் இன்பம் அதன் நடை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள இடைவெளி அம்பாஸடரில் ஏறத்தாழ 2.46 மீட்டர், கான்டெஸாவில் 2.67 மீட்டர். இருபது சென்டிமீட்டர் வேறுபாடு சிறிதெனத் தோன்றும். ஆனால் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கிப் பின்சக்கரம் இறங்குவதற்குள் வண்டிக்குச் சிறிது ஓய்வு கிடைக்கின்றது, தலையாட்டம் குறைகின்றது. அம்பாஸடரின் பின் அச்சு வில்லாய் வளைந்த இரும்புப் பட்டைகளின் மேல் நிற்பது. கான்டெஸாவுக்கோ நாற்புறமும் சுருள்வில். ஆதலின் கல்லும் குழியும் உள்ளே அமர்ந்திருப்போர்க்குச் செய்தியாக வந்து சேருமேயன்றி, அடியாக விழுவதில்லை.

இயந்திரம் முன்னே நெடுக்காய்ப் படுத்திருக்க, அதன் ஆற்றல் நீண்ட தண்டின் வழியே பின்சக்கரங்களைச் சென்றடைகின்றது. முன்சக்கரங்களுக்குத் திரும்பும் தொழில் ஒன்றே. பின்சக்கரங்களுக்குத் தள்ளும் தொழில் ஒன்றே. இத்தொழிற்பிரிவினால் ஸ்டியரிங் கையில் தனியொரு அமைதி உண்டாகின்றது. அந்தத் தண்டுக்கு இடம் விட்டுத் தரையின் நடுவே ஒரு மேடு எழும்பி நிற்பதால், பின்னிருக்கையின் நடுவே அமர்பவர் கால்களை இருபுறமும் பிரித்து வைத்தே தீரவேண்டும். அவ்விடம் எப்பொழுதும் வீட்டின் கடைக்குட்டிக்கே கிடைப்பது உலகியல்பு.

மூன்றாம் இன்பம் பொறுமை. இவ்வண்டியை விரட்டுதல் கூடாது. காலையில் இயந்திரம் சூடேறும் வரை காத்திருத்தல் வேண்டும்; வளைவை முன்னரே எண்ணி வேகத்தைக் குறைத்தல் வேண்டும். நகருக்குள் லிட்டருக்கு எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் நாம் கண்டதில்லை. ஆதலின் வீண் பயணமும் தானே குறையும். உறுப்பு தேய்ந்தால் கடையில் கிடைக்காது. ஒருமுறை முன்கண்ணாடியைச் சுற்றிய ரப்பருக்காக நாகபுரி முழுதும் அலைந்து, முடிவில் கல்கத்தாவின் மல்லிக் பஜாரில் உறவினர் ஒருவர் தேடி அனுப்பப் பெற்றோம். அந்த ரப்பரைப் பொருத்திய நாள் நம் வீட்டில் ஒரு சிறு திருவிழா.

ஒரே சாலை

இவற்றினும் மேலான காரணம் ஒன்று உண்டு. அதனை இதுகாறும் காலனியில் எவரிடமும் விரித்துரைத்ததில்லை.

எந்தையார் 1952 இல் மூன்றாம் வகுப்பு ரயிலில் நாகபுரிக்கு வந்தவர். பிறந்த ஊர் மதுரையை அடுத்த திருமங்கலம். 1999 இன் இறுதியில் இடுப்பு எலும்பு முறிந்து அறுவை மருத்துவம் செய்து கொண்டார். தேறி வந்தவர் ஒரே ஒரு விருப்பம் கூறினார்: "பொங்கலுக்கு ஊரில் இருக்க வேண்டும்." ரயிலில் சென்றால் சென்னையில் இறங்கி எழும்பூருக்கு மாற வேண்டும், படி ஏறவும் இறங்கவும் அவரால் இயலாது. நெடுநேரம் நிமிர்ந்து உட்காரவும் முடியாது.

அந்நாளில் ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை எனப்பட்ட சாலை வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை சென்றது. நாகபுரியும் அதன்மேல் உள்ளது. திருமங்கலமும் அதன்மேல் உள்ளது. நம் வாயிலிலிருந்து எந்தையார் வாயிலுக்கு ஒரே சாலை. தொலைவு ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர்.

கான்டெஸாவின் பின்னிருக்கையில் மெத்தையிட்டு அவரைப் படுக்க வைத்தோம். அன்னையார் முன்னிருக்கையில் அமர்ந்தார்; கால்மாட்டில் நம் இல்லாள் ஒடுங்கி அமர்ந்தாள். 2000 ஆம் ஆண்டு ஜனவரியில், விடியுமுன் புறப்பட்டோம். நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, எந்தையாரைத் திருப்பிப் படுக்க வைத்துப் பின்னர்ச் சென்றோம். முதல் இரவு ஐதராபாத். இரண்டாம் இரவு அனந்தப்பூர். மூன்றாம் இரவு சேலம். குத்தி அருகே ஆணி குத்திச் சக்கரம் ஒன்று காற்றிழந்ததைத் தவிர, வழியில் இடையூறு ஏதும் இல்லை.

எந்தையார் ஆறுகளை எண்ணிக்கொண்டே வந்தார். பெண்கங்கை, கோதாவரி, கிருஷ்ணை, துங்கபத்திரை என ஒவ்வொரு பாலத்திலும் வண்டியின் ஓசை மாறும், படுத்தவாறே, "இது எந்த ஆறு?" என்பார். தொப்பூர்க் கணவாயில் வண்டி இறங்கும்பொழுது, "தூக்கி உட்கார வையுங்கள்" என்றார். நாமக்கல்லைக் கடந்து வேலூர்ப் பாலத்தில் காவிரியைக் கண்டதும் அவர் பெயர் கேட்கவில்லை, கைகூப்பினார். மாலையில் வைகையைக் கடந்தோம். அதில் நீர் இல்லை. "இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! நம் ஆறு" என்றார்.

மறுநாள் பொங்கல். அவ்வாண்டுப் பங்குனியில் எந்தையார் திருமங்கலத்திலேயே மறைந்தார். நாற்பத்தெட்டு ஆண்டுகட்கு முன் மரப்பலகையில் அமர்ந்து புறப்பட்டவர், மெத்தையில் படுத்து வீடு திரும்பினார். பெருமித ஊர்தி என்பதற்கு அதற்கு மேல் ஒரு பொருளை நாம் அறியோம்.

அரசிழந்த காலம்

1991 இல் நாட்டின் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. சில ஆண்டுகளுக்குள் மாருதி எஸ்டீம், தேவூ சீலோ, ஓப்பல் அஸ்ட்ரா எனப் பல வண்டிகள் வரிசையாய் வந்தன. அவை எடை குறைந்தவை. எரிபொருள் குறைவாய் உண்பவை. குளிரூட்டும் வசதியும் திறம்பட அமைந்தவை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே ஜப்பானின் மிட்ஸுபிஷியுடன் கூடி, 1998 இல் நம் திருவள்ளூரில் லான்சர் வண்டியைச் செய்யத் தொடங்கியது. உத்தரபாராவின் பட்டத்து யானையை ஒதுக்கிய இளைய யானைகளுள் ஒன்று தமிழ்நாட்டிலேயே பிறந்தது என்பது விந்தை. 2002 இல் கான்டெஸா நின்றது. 2014 மே மாதத்தில் உத்தரபாராத் தொழிலகமே உற்பத்தியை நிறுத்தியது. அம்பாஸடர் என்னும் பெயர் 2017 இல் 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சு நாட்டுப் பியூஜோ நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. கான்டெஸா என்னும் பெயரும் 2022 இல் கைமாறியது. வண்டி போய்ப் பெயர் மட்டும் விலைபோன கதை இது.

இரண்டு வயதுகளுக்கு இடையே

இனி எம் வண்டியின் நிலையைக் கூறி முடிப்போம். பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டியின் பதிவை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதித் தேர்வு செய்து புதுப்பித்தல் வேண்டும். 600 ரூபாயாயிருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025 இல் 10,000 ஆயிற்று. பழைய வண்டிகளைக் கழிக்கும் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில், ஐம்பது ஆண்டு நிறைந்த வண்டிகளைத் தொன்மைப் பொருளாக மதித்துத் தனிப் பதிவு அளிக்கும் விதியும் வந்தது. முதல் கான்டெஸாவுக்கு அப்பெருமை 2034 இல். நம் வண்டிக்கு 2041 இல். ஆக, சந்தைக்குச் செல்ல அதற்கு வயது மிகுதி. காட்சிக்கு நிற்க வயது போதாது. இவ்விரண்டு வயதுகளுக்கும் இடையே பல நல்ல பொருள்கள் உருக்கு உலைக்குச் செல்கின்றன. மனிதரிலும் அப்பருவம் உண்டு. பணியிலிருந்து ஓய்வு பெற்றோர் அதனை நன்கு அறிவர்.

சட்டத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. புகைக்குக் கட்டுப்பாடுகள் முறையாக வருமுன் பிறந்த இயந்திரம் இது. நம் நினைவுக்காகப் பிறர் குழந்தை புகையை உண்ணுதல் அறமாகாது. அதனை எண்ணியே ஆண்டிற்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நாம் இதனை ஓட்டுவதில்லை. 2026 ஆம் ஆண்டு இதன் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். "இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுங்கள் அப்பா" என்கின்றான் மகன். அவன் கூற்றில் கணக்கு உண்டு. நம் மறுப்பில் கணக்கு இல்லை. எனினும் அடித்தகட்டைச் சீர்செய்து, இயந்திரத்தைச் செம்மைப்படுத்தி, தேர்வுக்கு நேர்மையாகக் கொண்டு செல்ல உறுதி பூண்டுள்ளோம். தேறினால் அடுத்த ஆண்டு விழா விருந்தினரை அழைத்துவர இது வரும். தேறாவிடில் எவரையும் நாடிச் சலுகை கேளோம். பாரியைப் போல் விட்டுவிட்டு நடப்போம்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய அம்பாஸடரோ, பியட்டோ, கைராட்டினமோ, தையல் இயந்திரமோ, நம் முன்னோர் இவ்வூரில் காலூன்றியபொழுது துணைநின்ற பொருள்கள் இல்லந்தோறும் இருக்கும். அவை இருக்குங்காலே அவற்றின் கதையை எழுதி வையுங்கள். பொருள் துருவேறிப் போகலாம். அது யாரைச் சுமந்து எந்த ஆறுகளைக் கடந்தது என்பதை நம் மக்கள் அறிதல் வேண்டும்.